முற்றத்தில் எழுந்த ஜீப்

மேட்டூர் அணையை ஜனவரி 28ஆம் நாள் மூடுவதும் ஜூன் 12ஆம் நாள் திறப்பதும் நெடுநாளைய வழக்கம். நீர்வரத்தைப் பொறுத்து இந்நாட்கள் முன்பின் ஆவதுண்டு. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட கோடையை, காவிரிப் பாசனத்து உழவருக்கு ஓய்வுக் காலமென்று வெளியூரார் எண்ணுவர். உண்மையில் கலப்பையும் வண்டியும் பம்புசெட்டும் செப்பனிடப்படுவது அக்காலத்தில்தான். அத்தகைய ஒரு கோடையில், எங்கள் கொட்டகையில் பதினோர் ஆண்டுகள் அசையாமல் கிடந்த ஜீப் வண்டியை மீண்டும் ஓடச் செய்தோம். அதன் எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே பிரித்து, புதுப்பித்து, மறுபடி பூட்டினோம். பழைய ஜீப்புகள் நம் அங்கத்தினர் பலரிடம் இன்னும் இருப்பதால், அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே உள்ளது எங்கள் ஊர். அரசாங்க ஏலத்தில் எங்கள் தந்தையார் அந்த ஜீப்பை வாங்கியது 1980களில். விதை நெல்லும் உர மூட்டையும் அதில் வயலுக்குப் போயின. நிறைமாதக் கர்ப்பிணிகளும் மழை இரவுகளில் அதில்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். தந்தையார் காலமான பின் வண்டி நின்றுவிட்டது. பழைய இரும்பு வாங்குவோர் வந்து எடைக்கு விலை பேசினர். “தம்பி, இந்தக் கோடைக்குள் ஓட்டிக் காட்டு, இல்லையேல் கொடுத்துவிடுவோம்” என்றார் என் தமையனார். தவணை ஜூன் 12 என்று முடிவாயிற்று.

ஜீப் நம் வயலுக்கு வந்த வழி

அமெரிக்கப் படைக்காக 1940-41ஆம் ஆண்டுகளில் உருவான வண்டி ஜீப். போர் முடிவதற்குள் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. நம் நாட்டில் 1945இல் தோன்றி, 1948இல் மகீந்திரா அண்டு மகீந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், 1947 முதல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்றது. 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த சி.ஜே.3பி என்னும் வகையையும் பிற்பாடு அந்நிறுவனமே இந்தியாவில் பல்லாண்டுகள் உற்பத்தி செய்தது. உயர்ந்த முன்மூடியைக் கொண்டு இவ்வகையை எவரும் அடையாளம் காணலாம்.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், கிராமத்துக்கு வரும் அதிகாரியின் வண்டி என்றாலே ஜீப் என்றாயிற்று. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தால் பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தன. 1960இல் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்கு முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அன்று ஒரே மாவட்டமாக இருந்தன. வாய்க்கால் கரைகளும் களிமண் பாதைகளும் நிறைந்த இப்பிரதேசத்தில், நான்கு சக்கரங்களும் ஒருங்கே உந்தும் வண்டிக்கு எத்தகைய மதிப்பு இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எஞ்சினின் அமைப்பு

எங்கள் வண்டி பெட்ரோலில் ஓடும் சி.ஜே.3பி. இவ்வகையில் பல வண்டிகளுக்குப் பின்னாளில் டீசல் எஞ்சின் மாற்றிப் பொருத்திவிட்டார்கள். எங்களுடையது பழைய எஞ்சினோடேயே தப்பியது. அதற்கு நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 3.125 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 4.375 அங்குலம், மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2,200 கன சென்டிமீட்டர். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும் வால்வு மேலே எஞ்சின் தலையில் இருக்கும்; புகை வெளியேறும் வால்வோ கீழே, எஞ்சின் பெட்டியின் பக்கத்தில் இருக்கும். கிராங்க் தண்டை மூன்று பெரிய பேரிங்குகள் தாங்குகின்றன. இதில் கணிப்பொறியோ நுண் மின்கருவியோ கிடையாது. கண்ணுக்குத் தெரிவதையும் கைக்கு எட்டுவதையும் மட்டுமே கொண்ட எஞ்சின் ஆதலால்தான் வீட்டில் பிரிக்கத் துணிந்தோம்.

சிக்கிக்கொண்ட எஞ்சினைச் சுழலச் செய்தல்

நெடுநாள் நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக் கிளப்பிப் பார்ப்பது பலர் செய்யும் முதல் தவறு. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரில் துருவால் ஒட்டியிருக்கும்போது இழுத்தால், வளையம் முறியும். சில வேளை பிஸ்டனும் உடையும். நாங்கள் பாட்டரியைக் கழற்றினோம். டாங்கியில் கெட்டுக் கிடந்த பெட்ரோலைத் திறந்த வெளியில் வடித்தோம். பின்னர் நான்கு பிளக்குகளையும் எடுத்து, டீசலும் எஞ்சின் எண்ணெயும் சமமாகக் கலந்து ஒவ்வொரு துளையிலும் ஊற்றினோம். நாள்தோறும் சிறிது ஊற்றி, கைப்பிடியால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து வந்தோம். ஒன்பதாம் நாள் எஞ்சின் கால் சுற்றுச் சுழன்றது. பன்னிரண்டாம் நாள் முழுச் சுற்றும் வந்தது. அந்தப் பொறுமைக்குச் செலவு ஒன்றுமில்லை.

எஞ்சினை இறக்கும்போது மாட்டுக் கொட்டகை விட்டத்தை நம்பக் கூடாது. மூன்று தடித்த இரும்புக் குழாய்களை முக்காலிபோல் நிறுத்தி, செயின் பிளாக் மாட்டித் தூக்கினோம். வண்டிக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்தல் ஆகாது. தடித்த மரக்கட்டைகளை அண்டக் கொடுத்த பின்னரே உள்ளே நுழைய வேண்டும். பழைய பிரேக் கட்டைகளிலும் கிளச்சுத் தட்டிலும் கல்நார் இருக்கக்கூடும். அத்தூசியை வாயால் ஊதுவதும் காற்றடிப்பதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே முறை.

நெசவாளர் கற்பித்த ஒழுங்கு

பிரிப்பது எளிது, பிரித்ததை அதனதன் இடத்தில் திரும்ப வைப்பதே கடினம். எங்கள் அண்டை வீட்டார் பட்டு நெசவாளர். முதல் நாள் நாங்கள் கழற்றிய வால்வுகளை ஒரே வாளியில் போட்டதைக் கண்டு அவர் திடுக்கிட்டார். “தம்பி, பாவு இழையை இப்படிக் கலைத்தால் தறி என்னாகும்? இதற்கும் ஒரு வரிசை உண்டல்லவா?” என்று கேட்டார். பின்னர்த் தம் வீட்டிலிருந்து கழிவு நூலைக் கொண்டுவந்து ஒரு முறையை ஏற்படுத்தினார். முதல் சிலிண்டருக்குரிய பொருளுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு, நான்காவதற்கு நான்கு. உள்வரும் வால்வுக்குச் சிவப்பு நூல். வெளியேற்றும் வால்வுக்குப் பச்சை. எண்ணெய்க் கையால் தொட்டாலும் காகிதச் சீட்டுப்போல அழியாத அடையாளம் அது. கைபேசியில் படமும் எடுத்து வைத்தோம். ஆயினும் இருட்டில் விரலால் தடவி அறிய முடிச்சே உதவிற்று.

இந்த ஒழுங்கு வெறும் அழகுக்காக அன்று. இணைப்புத் தண்டு ஒவ்வொன்றுக்கும் அதன் அடிமூடியோடு சேர்த்தே தொழிற்சாலையில் துளை கடைகிறார்கள். ஒன்றின் மூடியை மற்றொன்றில் பூட்டினால் துளை வட்டமாக அமையாது. பேரிங் சில மணி நேரத்தில் கருகிவிடும். இந்த எஞ்சினில் தண்டுகள் ஒரு பக்கம் சற்று ஒதுங்கியும் செய்யப்பட்டவை. ஆதலின் முன்பின் மாற்றிப் பூட்டவும் கூடாது. கழற்றுமுன் முன்பக்கம் எது என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

அளவே தீர்ப்பு

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. வெப்பமும் அழுத்தமும் மிகுந்தும் எண்ணெய் குறைந்தும் உள்ள மேற்புறத்தில் தேய்வு அதிகம். வளையம் எட்டாத விளிம்பு மட்டும் தேயாமல் ஒரு சிறு வரம்புபோல் நிற்கும். அவ்வரம்பைச் சீவி எடுக்காமல் பிஸ்டனை மேலே தள்ளினால் பிஸ்டன் உடையும். தண்டு சாய்ந்து தள்ளும் திசையில் தேய்வு மிகுவதால் சிலிண்டர் முட்டை வடிவமாகவும் ஆகிவிடும். எனவே மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில், ஆக ஆறு இடங்களில் அளந்து குறிக்க வேண்டும்.

எஞ்சின் வேலையில் அளவு பேசுவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் கணக்கில். அஃது ஏறத்தாழ 25 மைக்ரான். பட்டுப்புழு நூற்ற தனியிழையின் பருமன் 10 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். இதைச் சொன்னதும் நெசவாளர் சிரித்தார், “இரண்டு இழைக்கா இத்தனை பாடு?” என்றார். ஆம், அந்த ஓரிரு இழைப் பருமனே பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே எண்ணெய் நிற்கும் இடைவெளி. குறைந்தால் எண்ணெய் புகாது. மிகுந்தால் அழுத்தம் நிற்காது.

எங்கள் சிலிண்டர்களில் இரண்டு, 0.005 அங்குலத்துக்கு மேல் தேய்ந்திருந்தன. புதிய வளையம் மட்டும் போட்டு ஓட்டிவிடலாம் என்று ஆசை எழுந்தது. முட்டை வடிவத் துளையில் வட்ட வளையம் படியாது என்பதை அளவு சொல்லிவிட்டது. ஆகவே நான்கையும் கடைந்து, அடுத்த பருமனுள்ள பிஸ்டன்களைப் போடுவதென்று முடிவு செய்தோம்.

வீட்டில் செய்வதும் பட்டறைக்கு அனுப்புவதும்

வீட்டில் புதுப்பித்தோம் என்பதற்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தோம் என்று பொருளன்று. சிலிண்டர் கடைதல், கிராங்கைத் தேய்த்து வட்டமாக்குதல், எஞ்சின் தலையைச் சமன் செய்தல், விரிசல் சோதித்தல், வால்வு அமரும் இடத்தை வெட்டுதல் ஆகிய ஐந்தும் இயந்திரப் பட்டறைக்கே உரியவை. பிரித்தல், துலக்குதல், அளத்தல், பூட்டுதல், சோதித்தல் ஆகியவை வீட்டுக்குரியவை. பட்டறைக்கு வேலையைக் கொடுக்கும்போது வேண்டிய அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். புதிய பிஸ்டன்களையும் உடன் கொடுக்க வேண்டும். பிஸ்டனை அளந்து அதற்கேற்பத் துளை கடைவதே முறை. துளையைக் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுதல் கூடாது. கிராங்கைத் தேய்த்தால் பேரிங்கும் 0.010, 0.020, 0.030 அங்குலம் என்ற படிகளில் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

உதிரிப் பாகங்கள் கிடைப்பதில் நம் மாநிலத்தார்க்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. பிஸ்டன்களுக்குப் பெயர்பெற்ற இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலும், மோட்டார் மின்சாதனங்கள் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். 1961இலும் சென்னையில் தொடங்கப்பெற்றவை. ஜீப் நம் நாட்டிலேயே பல்லாண்டுகள் உற்பத்தியானதால், அதன் பழைய பாகங்களைத் தேடுவோர் வெளிநாட்டை நோக்க வேண்டுவதில்லை.

பட்டறையிலிருந்து எஞ்சின் பெட்டி பளபளவென்று திரும்பியது. அதைத் தூய்மை என்று நம்பிவிடலாகாது. கடைந்த சிலிண்டர்ச் சுவரின் நுண்கோடுகளில் சாணைப் பொடி ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் அதை நீக்காது. வெந்நீரில் சவுக்காரம் கரைத்து, தூரிகையால் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறை படாதவரை கழுவ வேண்டும். உடனே உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு மணி நேரத்திலேயே துரு அரும்பும். எண்ணெய் ஓடும் துளைகள் ஒவ்வொன்றையும் நீண்ட தூரிகையால் துலக்கினோம். ஒன்றிலிருந்து வந்த கரிய மெழுகைக் கண்டபோது, எஞ்சின் ஏன் முன்பு தட்டியது என்பது புரிந்தது.

பூட்டும் முறை

கிராங்கை வைத்து, ஒரு பேரிங் மூடியை முடுக்கியதும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பிறகே அடுத்தது. மூன்றையும் முடுக்கிவிட்டுப் பார்த்தால், எது பிடிக்கிறதென்று தெரியாது. முடுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் இன்றியமையாதது. இந்த எஞ்சினில் பெரிய பேரிங் மூடிகளுக்கு 65 முதல் 75, இணைப்புத் தண்டுகளுக்கு 35 முதல் 45, எஞ்சின் தலைக்கு 60 முதல் 70 அடி-பவுண்டு என்பது கையேட்டின் கணக்கு. தலையை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று தவணைகளில் முடுக்க வேண்டும்.

பிஸ்டன் வளையங்களை முதலில் சிலிண்டருக்குள் தனியே வைத்து, முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்து கொள்ள வேண்டும். சூட்டில் வளையம் நீளும்போது முனைகள் முட்டினால் சுவர் கீறும். பூட்டும்போது எல்லா வளையங்களின் வாயும் ஒரே நேர்கோட்டில் அமையாதபடி மாற்றி வைக்க வேண்டும். கிராங்குப் பல்சக்கரத்தின் குறியும் காம் தண்டுப் பல்சக்கரத்தின் குறியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி, உள்வரும் வால்வுக்கு 0.018, வெளியேற்றும் வால்வுக்கு 0.016 அங்குலம். தீப்பொறி செல்லும் வரிசை 1, 3, 4, 2.

எங்கள் பிழை

ஜூன் 10ஆம் நாள் மாலை எஞ்சின் வண்டியில் அமர்ந்தது. பழைய வண்டியானாலும் புதுப்பித்த எஞ்சினை உலர்ந்த பம்புடன் ஓட்டலாகாது. ஆகவே எண்ணெய் பம்பைக் கழற்றி, எண்ணெய் நிரப்பி, மறுபடி பொருத்தினேன். பொழுது சாய்ந்துவிட்டது. தவணைக்கு இரண்டு நாளே இருந்தது. குறிப்பேட்டில் அந்த வேலைக்கு எதிரே இருந்த அடுத்த வரியைப் படிக்காமலே மேலே சென்றேன்.

மறுநாள் காலை ஸ்டார்ட்டரை அழுத்தினோம். எஞ்சின் சுழன்றது, ஆனால் ஓடவில்லை. கார்புரேட்டர் வழியே தும்மித் தீ கக்கிற்று. தமையனார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். பெட்ரோலையும் பிளக்குகளையும் பார்த்தோம். பிளக்குக் கம்பிகளை வரிசைப்படி மாற்றி மாற்றிப் பார்த்தோம். அன்று பகல் முழுவதும் வீணாயிற்று. மாலையில் நெசவாளர் வந்தார். “எங்கே பிழை என்று தேடாதே, தம்பி. கடைசியாகக் கை வைத்த இடம் எது? தறியில் நாங்கள் அங்கிருந்துதான் பின்னோக்கிப் பார்ப்போம்” என்றார்.

கடைசியாகக் கை வைத்தது எண்ணெய் பம்பு. இந்த எஞ்சினில், தீப்பொறியைப் பகிரும் டெல்கோவைச் சுழற்றுவதும் எண்ணெய் பம்பின் தண்டே. பம்பின் பல்சக்கரத்தைக் காம் தண்டோடு ஒரு பல் தள்ளிப் பூட்டினால், டெல்கோவைத் திருப்பிச் சரிசெய்யும் எல்லையைக் கடந்து நேரம் பிசகிவிடும். நான் படிக்காமல் விட்ட வரி இதுதான்: “முதல் சிலிண்டர் உச்சியில், இரு வால்வும் மூடிய நிலையில், டெல்கோவின் கை முதல் கம்பியை நோக்குகிறதா என்று பார்.” மறுநாள், அஃதாவது ஜூன் 12ஆம் நாள், விளக்கு ஏற்றும் நேரத்தில் பம்பைச் சரியான பல்லில் பூட்டி முடித்தோம். பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுழற்றினோம். எண்ணெய் அழுத்த முள் எழுந்தது. பிளக்குகளைப் பூட்டி மீண்டும் அழுத்தினோம், எஞ்சின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டுத் தமையனார் வாசலுக்கு வந்தார். முன்மூடியின் மேல் கையை வைத்து வெகுநேரம் நின்றார். இரும்புக் கடைக்காரரைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

ஓட்டுவோர் கவனிக்க

முதல் 500 கிலோமீட்டர் மிதமான வேகத்தில் ஓட்டி, எண்ணெயை மாற்றி, எஞ்சின் தலையின் முடுக்கத்தையும் வால்வு இடைவெளியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அது கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களையே போட வேண்டும். வண்டியை நெடுநாள் நிறுத்துவதாயின் பெட்ரோலை வடித்துவிடுதல் நலம்.

முன்சக்கர உந்தலைச் சேற்றிலும் மணலிலும் மட்டும் பயன்படுத்துக. இந்த ஜீப்பில் முன் அச்சையும் பின் அச்சையும் வேறுவேறு வேகத்தில் சுழலவிடும் நடுப் பல்லிணை கிடையாது. தார்ச் சாலையில் அதைப் போட்டுத் திருப்பினால் தண்டுகள் முறுகும். வேகங் குறைந்த பல்லிணை இழுவையை 2.46 மடங்காக்கும், வாய்க்கால் கரையேற இது போதுமானது. ஆனால் நனைந்த கரை வண்டியைத் தாங்குமா என்பதை இறங்கிப் பார்த்தே ஏற வேண்டும்.

பதிவுச் சான்று பற்றியும் ஒரு சொல். 15 ஆண்டுகள் கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். எஞ்சின் பெட்டியையே மாற்றினால் புதிய எண்ணைச் சான்றில் ஏற்ற வேண்டும். எனவே பழுதுபார்க்கத் தொடங்குமுன் சான்றில் உள்ள எண்களை வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுக. 2023 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த அரசாங்க வண்டிகளின் பதிவு முடிந்துவிடுகிறது. அவை உடைப்பு நிலையங்களுக்கே செல்ல வேண்டும். ஆகவே பழைய அலுவலக ஜீப்பை ஏலத்தில் எடுத்து ஓட்டும் காலம் போய்விட்டது. கையிலிருப்பதைக் காப்பதே இனி வழி.

இவ்வேலையில் இலாபம் உண்டா என்று கேட்பவர்களுக்கு, பணக்கணக்கில் இல்லை என்பதே நேர்மையான விடை. எஞ்சின் பெட்டியில் பெரிய விரிசல் கண்டாலும், அடிச்சட்டம் துருவேறி முறிந்திருந்தாலும், பதிவுச் சான்று இல்லையெனினும், தொடங்காமலிருப்பதே அறிவுடைமை. இம்மூன்றும் நலமாயிருந்து, ஒரு கோடைக் காலப் பொறுமையும் உடையவர் துணிந்து தொடங்கலாம்.

கல்லணையைத் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று, குறுவை விதையை ஏற்றிக்கொண்டு ஜீப் வயலுக்குப் போயிற்று. முன்னிருக்கையில் நெசவாளர் அமர்ந்திருந்தார். குறிப்பேடும், செயின் பிளாக்கும், மிஞ்சிய சிவப்பு பச்சை நூலும் எங்கள் கொட்டகையில் உள்ளன. அடுத்த கோடையில் வேண்டுவோர் வந்து எடுத்துச் செல்லலாம்; வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்.